கண்மாய் விராலுக்கு எந்த பிரெய்டு? பெய்ட்காஸ்ட்டிங் ரீலுக்கு நரம்பு தேர்வு செய்யும் முறை

தூண்டில் நரம்புப் பாக்கெட்டின் மேல் பெரிய எழுத்தில் 50 எல்பி, அதாவது பவுண்டு, என்று போட்டிருக்கும். கீழே பொடி எழுத்தில் 0.36 எம்எம் என்றோ பிஇ 4 என்றோ இருக்கும். தூண்டில் கம்பில் மாட்டும் பெய்ட்காஸ்ட்டிங் ரீலுக்கு, பின்னல் நரம்பான பிரெய்டு வாங்குகிறவர் முதலில் பார்க்க வேண்டியது அந்தப் பொடி எழுத்தைத்தான். மதுரைப் பக்கத்துக் கண்மாய்களில் எத்தனை கிலோ தாங்கும் என்ற கணக்கில் நரம்பு தோற்பது அபூர்வம். ரீலில் நரம்பு சுற்றியிருக்கும் ஸ்பூலுக்குள் புதைந்து தோற்கும், கருவேல முள்ளில் உரசித் தோற்கும், முடிச்சு வழுக்கித் தோற்கும். இந்த மூன்றில் முதல் இரண்டும் நரம்பின் கனத்தைப் பொறுத்தவை. மூன்றாவது கட்டுகிற கையைப் பொறுத்தது.

இந்த ரீல்களும் இவற்றுக்கான நரம்புகளும் பெரும்பாலும் பாஸ் மீனை மனதில் வைத்துச் செய்யப்பட்டவை. லார்ஜ்மவுத் பாஸ் வட அமெரிக்காவின் நன்னீர் மீன்; அங்கே அது தாமரை இலைக்கும் பாசிக்கும் அடியில் பதுங்கி, மேலே ஓடும் தவளையை அடிக்கும். நம் ஊரில் அதே வேலையைச் செய்வது விரால். அதனால் தவளை உருவச் செயற்கை இரையை வீசும் பாஸ் தவளை வீச்சுக்குச் சொல்லப்படும் நரம்புக் கணக்கு விராலுக்கும் பெரும்பாலும் பொருந்துகிறது. பொருந்தாத இடங்கள் உண்டு. பெரிய வேறுபாடு, நம் கண்மாய்களுக்குள் நிற்கும் கருவேல மரங்கள்.

கனமும் பலமும்

பிரெய்டு என்பது மிக மெல்லிய பாலிஎத்திலீன் இழைகளைப் புரிகளாக்கிப் பின்னியது. டைனீமா, ஸ்பெக்ட்ரா என்று பாக்கெட்டில் வரும் பெயர்கள் அந்த இழையின் வணிகப் பெயர்கள். பிஇ என்பதும் பாலிஎத்திலீன்தான். தண்ணீரைவிட லேசானது, மிதக்கும். சாதாரண நைலான் நரம்பு போல இழுத்தால் நீளாது. 25 மீட்டர் தள்ளி விரால் அடித்தாலும் அடி அப்படியே கைக்கு வரும், நீங்கள் வெட்டி இழுக்கும் விசையும் அப்படியே தூண்டில் முள்ளுக்குப் போகும். பாசிக்கு நடுவில் வீச நைலான் சரிப்படாததற்குக் காரணம் இதுதான்: நைலான் நீண்டு கொடுக்கும் அந்த ஒரு நொடியில் விரால் பாசிக்கடியில் முண்டிவிடும்.

சந்தையில் அதிகம் கிடைக்கும் பிரெய்டுகளின் கனம் ஏறக்குறைய இப்படி இருக்கும். 20 எல்பி 0.23 எம்எம், 30 எல்பி 0.28, 40 எல்பி 0.32, 50 எல்பி 0.36, 65 எல்பி 0.41. ஒரு எல்பி என்பது 0.45 கிலோ, ஆக 50 எல்பி என்றால் 22 கிலோவுக்குச் சற்று மேல். ஜப்பானியக் கணக்கான பிஇ எண்ணில் பிஇ 1 என்பது 0.165 எம்எம், பிஇ 2 என்பது 0.235, பிஇ 3 என்பது 0.285, பிஇ 4 என்பது 0.33, பிஇ 6 என்பது 0.405. எண் இரட்டிப்பானால் கனம் இரட்டிப்பாகாது, ஏனென்றால் பிஇ எண் நரம்பின் எடையைக் கொண்டு கணக்கிடப்படுகிறது. பிஇ 4 என்பது பிஇ 1-ஐப் போல நாலு மடங்கு எடை, ஆனால் கனம் இரண்டு மடங்குதான். இரண்டு கம்பெனிப் பாக்கெட்டை ஒப்பிடும்போது எல்பியை விட்டுவிட்டு எம்எம்மை எம்எம்மோடு ஒப்பிடுங்கள்.

ஒரு சின்னக் கணக்குப் போட்டால் கனம் ஏன் முக்கியம் என்பது தெரியும். விராலுக்கு வீசும் சாதாரண ரீலில், மீன் இழுத்தால் நரம்பை விட்டுக்கொடுக்கும் டிராக்கை 4, 5 கிலோவுக்கு மேல் வைக்கும் தேவை அநேகமாக வராது. 30 எல்பி நரம்பே 13 கிலோவுக்கு மேல் தாங்கும். அப்படியானால் 50 எல்பி எதற்கு? பலத்துக்காக அல்ல. 0.28 எம்எம் நரம்பு ஸ்பூலில் புதையும், 0.36 புதைவது குறைவு. 0.28 முள்ளில் ஒருமுறை உரசினால் பாதிப் புரி போய்விடும், 0.36-இல் மிச்சம் இருக்கும். அதற்குத்தான்.

ஸ்பூலில் புதைதல்

பெய்ட்காஸ்ட்டிங் ரீலுக்கே உரிய தொல்லை இது, அதனால் கொஞ்சம் விரிவாகப் பார்ப்போம்.

தவளை ஆகாயத்தாமரைத் தண்டில் மாட்டிக்கொள்கிறது. டிராக் இறுக்கமாக இருக்கிறது. தூண்டில் கம்பான ராடை உயர்த்தி ஓங்கி இழுக்கிறீர்கள். ஸ்பூலின் மேல்சுற்றில் இருக்கும் நரம்பு அந்த விசையில் கீழ்ச்சுற்றுகளை விலக்கிக்கொண்டு இடையில் இறங்கிவிடும். மெல்லிய நரம்பு கத்திபோல இறங்கும். தவளை விடுபட்டு வந்துவிடும், நீங்களும் மறந்துவிடுவீர்கள். அடுத்த வீச்சில் ஸ்பூல் வேகமாகச் சுற்றும்போது நரம்பு புதைந்த அந்தச் சுற்றில் வந்து சட்டென்று நிற்கும். அப்போது இரண்டில் ஒன்று நடக்கும். தவளை தனியே அறுந்து பறக்கும்; இல்லாவிட்டால் ஸ்பூல் நிற்காமல் சுற்றி நரம்பு முழுக்கச் சிக்காகும்.

இதைத் தவிர்க்க மூன்று வழிகள், மூன்றும் சேர்ந்துதான் வேலை செய்யும். தவளை வீச்சுக்கு 0.32-க்குக் குறையாத கனம் வாங்குவது. ஏற்றும்போதே இறுக்கமாக ஏற்றுவது. ஓங்கி இழுக்க நேர்ந்த ஒவ்வொரு முறையும், அடுத்த வீச்சுக்கு முன்னால் 5, 6 மீட்டர் நரம்பைக் கையால் உருவிவிட்டு, ஈரத்துணியாலோ விரல்களாலோ பிடித்து இறுக்கத்தோடு திரும்பச் சுற்றுவது. மூன்றாவதைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். அரை நிமிட வேலை, ஒரு தவளையின் விலை மிச்சம்.

0.23-க்குக் கீழே உள்ள நரம்பை சாதாரண பெய்ட்காஸ்ட்டிங் ரீலில் ஏற்றவே வேண்டாம். ஸ்பூல் விளிம்புக்கும் ரீல் உடலுக்கும் நடுவே இருக்கும் இடுக்கில்கூட அது நுழைந்துவிடும். மெல்லிய நரம்புக்கு ஸ்பின்னிங் ரீல் இருக்கிறது.

எந்தத் தண்ணீருக்கு எது

பாசி மூடிய கண்மாய். அல்லி, ஆகாயத்தாமரை, சம்பு, வேலம்பாசி எல்லாம் கலந்து கிடக்கும் தண்ணீர். வடகிழக்குப் பருவமழை முடிந்து மார்கழி, தை மாதங்களில் மதுரை, மேலூர், திருமங்கலம் பக்கத்துக் கண்மாய்கள் பல இப்படித்தான் இருக்கும். இங்கே 10 முதல் 15 கிராம் தவளை, 0.36 எம்எம், அதாவது 50 எல்பி. நுனியில் இணைக்கும் தனி நரம்பான லீடர் தேவையில்லை, தவளையை நேராக பிரெய்டிலேயே கட்டுங்கள். லீடர் முடிச்சு பாசியை வாரிக்கொண்டு வரும், அதைவிட வேறு பயன் இந்தத் தண்ணீரில் அதற்கு இல்லை.

உள்ளே கருவேல மரங்கள் நிற்கும் கண்மாய். பல கண்மாய்களின் நீர்ப்பிடிப்பில் நட்டு வளர்த்த கருவேலும், தானாக வந்த சீமைக்கருவேலும் உண்டு. தண்ணீர் ஏறினால் கிளைகள் முங்கிவிடும். விரால் அடித்தவுடன் நேராகத் தூருக்குத்தான் போகும். முள் நரம்பை நேரடியாக அறுப்பதில்லை. நரம்பு முள்ளில் சுற்றி இழுபடும்போது ஒவ்வொரு புரியாகச் சிராய்ந்து போகும். இங்கே 0.41, அதாவது 65 எல்பி. வீச்சு தூரம் கொஞ்சம் குறையும், குறையட்டும். மரத்துக்கு நடுவே 15 மீட்டருக்கு மேல் வீசுவதில் அர்த்தமில்லை, அடித்தாலும் வெளியே கொண்டுவர முடியாது.

பாசி குறைந்த தண்ணீர். மடை வாய், கலுங்கு ஓரம், கரை ஓரக் கற்கள். ஸ்பின்னர்பெய்ட், சாஃப்ட் பிளாஸ்டிக் போன்ற செயற்கை இரைகளை வீசுவதாக இருந்தால் 0.28 முதல் 0.32 போதும். கற்கள் இருக்கும் இடத்தில் 60 முதல் 100 சென்டிமீட்டர் ஃப்ளூரோகார்பன் லீடர் வையுங்கள், 20 முதல் 30 எல்பி. பிரெய்டு முள்ளைத் தாங்கும் அளவுக்குக் கல்லைத் தாங்காது. இறுகி நிற்கும் பிரெய்டைச் சொரசொரப்பான கல் ஒரே உரசலில் அறுத்துவிடும்.

தூத்துக்குடி பக்கம் கழிமுகத்தில் கொடுவாய்க்குப் போகிறவர்கள் இதே ரீலைக் கொண்டுபோவது உண்டு. பிஇ 2 அல்லது 3, கூடவே 40 எல்பி லீடர் கட்டாயம். கொடுவாயின் செவுள் மூடி விளிம்பு கத்தி. திரும்பி வந்ததும் ரீலையும் நரம்பையும் நல்ல தண்ணீரில் அலச வேண்டும். உப்பு பிரெய்டை அரிக்காது, ஆனால் நரம்பில் தங்கிய உப்பு, ஸ்பூலில் நரம்பைச் சீராகப் பரப்பும் லெவல் விண்டுக்கும் ஸ்பூல் பேரிங்குக்கும் போய்ச் சேரும்.

ஒரே ஒரு ரீல், ஒரே ஒரு நரம்பு என்றால் 0.36. யோசிக்க வேண்டாம்.

நாலு புரியா, எட்டுப் புரியா

நாலு புரி நரம்பு கொஞ்சம் சொரசொரப்பு. ராடின் கைடு வளையங்களில் ஓடும்போது சர்ரென்று சத்தம் வரும். ஆனால் ஒவ்வொரு புரியும் தடிமனாக இருப்பதால் ஒரு முள் கீறலில் ஒரு புரி முழுசாகப் போய்விடாது. அந்தச் சொரசொரப்பே அல்லித் தண்டையும் பாசியையும் அறுத்துக்கொண்டு வர உதவுகிறது. எட்டுப் புரி உருண்டையாக, வழுவழுப்பாக இருக்கும், சத்தம் குறைவு, சில மீட்டர் கூடுதலாகப் போகும். புரிகள் மெல்லியவை என்பதால் சிராய்ப்பில் சீக்கிரம் பஞ்சு போலாகும்.

கண்மாய்த் தவளை வீச்சுக்கு இறுக்கமாகப் பின்னிய நாலு புரியே சரி என்பது எங்கள் முடிவு. திறந்த தண்ணீருக்கு எட்டுப் புரி வாங்கிக்கொள்ளலாம். அதற்கு மேலே போகும் பன்னிரண்டு புரிக்குப் பணம் கொடுக்கும் அவசியம் விரால்காரருக்கு இல்லை.

பின்னல் இறுக்கத்தைக் கடையிலேயே பார்க்கலாம். இரு விரலால் நரம்பை நசுக்கி உருட்டிப் பாருங்கள். நாடா போலத் தட்டையாகி அப்படியே நின்றால் பின்னல் தளர்வு. அது தண்ணீரை உறிஞ்சிக் கனக்கும், கைடில் ஒட்டும், ஸ்பூலில் சுலபமாகப் புதையும். நசுக்கியும் உருண்டைக்குத் திரும்பினால் நல்ல பின்னல். அடுத்து இரண்டு கைகளாலும் நரம்பை எதிரெதிராகத் தள்ளிப் பாருங்கள். புரிகள் பிரிந்து குடைபோல விரிந்தால் வேண்டாம்.

எழுதியிருக்கும் எம்எம் உண்மைதானா என்று பார்க்கவும் வழி இருக்கிறது. ஒரு பென்சிலில் 20 சுற்று இடைவெளி இல்லாமல் ஒட்டி ஒட்டிச் சுற்றி ஸ்கேலில் அளந்து பாருங்கள். 0.36 என்றால் 20 சுற்றும் சேர்ந்து 7 மில்லிமீட்டர் சொச்சம் வர வேண்டும். 9, 10 வந்தால் அது 0.36 அல்ல. இழுத்துச் சுற்றினால் நரம்பு தட்டையாகி அளவு கூடும், ஆகவே லேசான கையோடு சுற்றுங்கள். 50 எல்பி என்று எழுதிவிட்டு 65 எல்பி கனத்தில் விற்கும் மலிவு நரம்புகள் இந்தப் பென்சில் சோதனையில் தெரிந்துவிடும்.

பலத்தையும் சோதிக்க விரும்பினால் பெட்டி எடை பார்க்கும் தொங்கு தராசு போதும். ஒரு முனையை வழுவழுப்பான குழாயில் ஏழெட்டுச் சுற்றுச் சுற்றிக் கட்டி, மறுமுனையைப் பாலோமர் முடிச்சில் (கட்டும் முறை கீழே) தராசுக் கொக்கியில் மாட்டி மெதுவாக இழுங்கள். கையில் தடித்த கையுறை, கண்ணுக்குக் கண்ணாடி. முடிச்சில்தான் முதலில் அறும், அது இயல்பு. முடிச்சு சரியாகக் கட்டியும், எழுதிய பலத்தில் பாதிகூட வராமல் அறுந்தால் அந்த நரம்பை ரீலில் ஏற்றாதீர்கள்.

நிறம்

கரும்பச்சை வாங்குங்கள். கலங்கல் தண்ணீரில், இலைகளுக்கு மேல் கிடக்கும் நரம்பை விரால் பொருட்படுத்துவதில்லை. கீழேயிருந்து பார்க்கும் அதன் கண்ணுக்குத் தவளையின் நிழல்தான் தெரியும். மஞ்சள் நரம்பு வீசுகிறவருக்கு நன்றாகத் தெரியும், சாஃப்ட் பிளாஸ்டிக் வீசும்போது நரம்பின் அசைவைப் பார்த்தே அடியைக் கண்டுபிடிக்கலாம். பத்து மீட்டருக்கு ஒரு நிறம் மாறும் நரம்பு படகிலிருந்து ஆழம் கணக்கிட உதவுவது, கரையில் நிற்பவருக்கு அதில் லாபமில்லை.

சாயம் போவதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். பாலிஎத்திலீனில் சாயம் உள்ளே ஏறாது, மேலேதான் பூசியிருக்கும். நாலு முறை போய்வந்தால் வெளுக்கும். அது தேய்மானம் அல்ல.

எத்தனை மீட்டர்

தவளை வீச்சு 25 முதல் 35 மீட்டர். 100 மீட்டர் தாராளம். 300 மீட்டர் பாக்கெட் வாங்கி மூன்றாகப் பிரித்தால் மீட்டருக்கு ஆகும் விலை பெரும்பாலும் குறையும், ஒரே நரம்பு மூன்று ஏற்றத்துக்கு வரும்.

ரீலின் மேல் அதன் கொள்ளளவு எழுதியிருக்கும், உதாரணமாக 0.32 எம்எம் 100 மீட்டர் என்று. வேறு கனத்துக்கு எவ்வளவு ஏறும் என்று கண்டுபிடிக்க, எழுதியிருக்கும் கனத்தை உங்கள் நரம்பின் கனத்தால் வகுத்து, வரும் எண்ணை அதே எண்ணால் பெருக்கி, அதை மீட்டரோடு பெருக்குங்கள். 0.32-ஐ 0.36-ஆல் வகுத்தால் 0.89. 0.89 பெருக்கல் 0.89 என்பது 0.79. ஆக 79 மீட்டர்தான் ஏறும். 100 மீட்டர் பாக்கெட்டை முழுக்க ஏற்ற முயன்றால் ஸ்பூல் நிரம்பி வழியும். அதே ரீலில் 0.28 நரம்பு 130 மீட்டர் ஏறும். 100 மீட்டர் வாங்கினால் அடியில் பழைய நைலான் கொடுத்து நிரப்ப வேண்டும்.

ஸ்பூல் விளிம்புக்கு 2 முதல் 3 மில்லிமீட்டர் கீழே நிறுத்துவது சரியான அளவு. விளிம்புவரை ஏற்றினால் ஸ்பூல் கனத்து, ஒருமுறை சுற்றத் தொடங்கினால் நிற்க மறுக்கும். சிக்கு அங்கே ஆரம்பிக்கிறது. 7 கிராமுக்குக் குறைவான லூர், அதாவது செயற்கை இரை, வீசுகிறவர்கள் இன்னும் ஒரு மில்லிமீட்டர் குறைத்தே ஏற்றலாம்.

ஏற்றும் முறை

பிரெய்டை வெறும் ஸ்பூலில் நேராகக் கட்டாதீர்கள். வழுவழுப்பான உலோகத்தில் அது பிடிக்காது. மீன் இழுக்கும்போது ஸ்பூல் ஒரு பக்கம் நிற்க, மொத்த நரம்பும் ஒரு வளையமாக அதன் மேல் சுற்றும். பார்க்கிறவருக்கு டிராக் கெட்டுப்போனது போலத் தோன்றும், டிராக்கைக் கழற்றிப் பார்த்தாலும் கோளாறு கிடைக்காது. சந்தேகமிருந்தால் டிராக்கை இறுக்கிவிட்டு, ஸ்பூல் விளிம்பில் ஒரு விரலை வைத்துக்கொண்டு நரம்பை இழுங்கள். விளிம்பு நகராமல் நரம்பு மட்டும் வந்தால் வழுக்குகிறது என்று அர்த்தம்.

அடியில் 5, 6 மீட்டர் நைலான் நரம்பைச் சுற்றி, அதோடு பிரெய்டை டபுள் யூனி முடிச்சால் இணைப்பது நல்ல வழி. பிரெய்டு பக்கம் எட்டுச் சுற்று, நைலான் பக்கம் ஐந்து. அவசரத்துக்கு ஒரு சுற்று எலெக்ட்ரிக்கல் டேப்பும் போதும். ஒரே ஒரு சுற்று, மடிப்பு விழாமல். ஸ்பூலில் துளைகள் இருந்தால் ஒரு துளை வழியாக நரம்பை நுழைத்து எடுத்தும் கட்டலாம். வெயிலில் காய்ந்து ஒட்டும் டேப் பசையைச் சுத்தம் செய்யும் வேலை வேண்டாம் என்றால் நைலானே மேல்.

பிறகு இப்படிச் செய்யுங்கள். நரம்பை ராடின் முதல் கைடு வழியாகவும் லெவல் விண்ட் கண் வழியாகவும் கொண்டுவந்து ஸ்பூலில் கட்டுங்கள். லெவல் விண்ட் கண்ணை விட்டுவிட்டுக் கட்டி, பாதி ஏற்றிய பிறகு கண்டுபிடிப்பது நிறையப் பேருக்கு நடக்கும். கடைச் சுருளின் நடுத்துளையில் ஒரு பென்சிலைக் கொடுத்து, ஒருவர் இரண்டு பக்கமும் பிடித்துக்கொள்ளட்டும். சுருள் உருண்டபடி நரம்பைக் கொடுக்க வேண்டும். சுருளைப் படுக்க வைத்துப் பக்கவாட்டில் உருவினால் முறுக்கு ஏறும்.

இன்னொரு கையால் நனைத்துப் பிழிந்த துணியில் நரம்பைப் பிடித்து இறுக்கம் கொடுங்கள். காய்ந்த துணியில் வேகமாக ஓடினால் நரம்பு சூடாகும். பாலிஎத்திலீனுக்குச் சூடு ஆகாது, மேற்பூச்சு உரியும், விரலும் அறுபடும். ராடு லேசாக வளைந்து நிற்கும் அளவு இறுக்கம் சரி. ஏற்றி முடித்ததும் கட்டைவிரல் நகத்தால் நரம்புக் கட்டை அழுத்திப் பாருங்கள். மரக்கட்டை போலக் கெட்டியாக இருக்க வேண்டும். நகம் உள்ளே இறங்கினால் எல்லாவற்றையும் உருவிவிட்டு மறுபடி ஏற்றுங்கள். அலுப்பாக இருக்கும், ஆனாலும் செய்யுங்கள்.

புது பிரெய்டில் மெழுகுப் பூச்சு இருப்பதால் முதல் இருபது வீச்சு கொஞ்சம் விறைப்பாக இருக்கும். ஸ்பூல் வேகத்தைக் கட்டுப்படுத்தும் பிரேக்கை வழக்கத்தைவிட இரண்டு படி கூட்டி வையுங்கள். ஸ்பூல் பக்கத்து டென்ஷன் திருகை, ஸ்பூலை விடுவிக்கும் பட்டனை அழுத்தினால் தவளை மெதுவாக இறங்கித் தரையைத் தொடும்போது ஸ்பூல் தானாக நிற்கும் அளவுக்குத் திருகுங்கள். நரம்பு நனைந்ததும் நடத்தை மாறும், அதன் பிறகு பிரேக்கைக் குறைக்கலாம்.

தவளைக்குப் பாலோமர்

நைலானுக்குக் கட்டும் சாதாரண சுற்று முடிச்சு பிரெய்டில் வழுக்கிக் கழன்றுவிடும். முனையில் பன்றிவால் போலச் சுருண்ட நரம்பு மட்டும் திரும்பி வந்தால், அறுந்தது நரம்பல்ல, கழன்றது முடிச்சு.

பாலோமருக்கு நரம்பின் நுனியை 25 சென்டிமீட்டர் இரட்டையாக மடியுங்கள். மடிப்பைத் தவளையின் கண் வழியாக நுழையுங்கள். இரட்டை நரம்பாலேயே ஒரு சாதாரண முடிச்சை இறுக்காமல் போடுங்கள். இப்போது மடிப்பு வளையத்தை விரித்து, தவளை முழுவதையும் அதன் வழியாகக் கடத்துங்கள்; இரண்டு முள்ளும் வளையத்தில் மாட்டாமல் பாருங்கள். எச்சிலாலோ தண்ணீராலோ நனையுங்கள். இரண்டு நுனிகளையும் சேர்த்து, ஒரே சீராக இழுத்து இறுக்குங்கள். வளையம் கண்ணைத் தாண்டி மேலேறி முடிச்சோடு சேர்ந்து உட்கார வேண்டும். கண்ணிலேயே தங்கி நின்றாலோ, இரட்டை நரம்பு ஒன்றின் மேல் ஒன்று குறுக்கே ஏறி இருந்தாலோ அறுத்துவிட்டு மறுபடி கட்டுங்கள். நுனியை 5 மில்லிமீட்டர் விட்டு நறுக்குங்கள். ஒட்ட நறுக்கினால் சற்று வழுக்கினாலும் கழன்றுவிடும்.

நறுக்க நல்ல கத்தரிக்கோல் வேண்டும், நகவெட்டி பிரெய்டை மென்றுதான் வைக்கும். லைட்டரால் நுனியைச் சுடும் பழக்கம் வேண்டாம். இந்த இழை 150 டிகிரிக்கு உள்ளாகவே உருகும்; நுனியைச் சுடும் வெப்பம் முடிச்சையும் தொட்டுவிடும்.

ராடும் டிராக்கும்

ராடில் 10–20 எல்பி என்று எழுதியிருக்க, 50 எல்பி பிரெய்டு போடலாமா என்ற கேள்வி எப்போதும் வரும். போடலாம். ராடில் எழுதியிருப்பது, எந்தப் பலமுள்ள நரம்பு அறும்வரை அந்த ராடு தாக்குப்பிடிக்கும் என்ற எல்லை. 20 எல்பி நரம்பு ராடு உடைவதற்கு முன்னால் அறுந்துவிடும். 50 எல்பி அறாது, ராடுதான் உடையும். ஆகவே கனமான பிரெய்டு போட்ட பிறகு ராடைக் காப்பது உங்கள் டிராக் மட்டுமே. தொங்கு தராசில் நரம்பைக் கட்டி இழுத்து, 4 கிலோவில் டிராக் வழுக்கத் தொடங்குமாறு வையுங்கள்.

தவளை மரத்தில் மாட்டினால் ராடால் இழுக்காதீர்கள். ராடை நரம்புக்கு நேராக நீட்டி இழுத்தால் ஸ்பூல் பேரிங் கெடும், நரம்பும் புதையும். நரம்பைக் கொஞ்சம் உருவி, ஒரு சாண் நீளக் குச்சியில் ஐந்தாறு சுற்றுச் சுற்றி, குச்சியைப் பிடித்துப் பின்னால் நடங்கள். கையில் மட்டும் சுற்றவே கூடாது. இறுகும் பிரெய்டு விரலை எலும்புவரை அறுக்கும்.

பழைய ராடாக இருந்தால் கைடு வளையங்களைக் காது துடைக்கும் பஞ்சுக் குச்சியால் உள்ளே சுற்றித் துடையுங்கள். பஞ்சு இழை எங்கேயாவது மாட்டினால் அங்கே கீறல் இருக்கிறது. பீங்கான் வளையம் இல்லாத வெறும் கம்பிக் கைடில் பிரெய்டு ஓடி ஓடிப் பள்ளம் விழும், பிறகு அந்தப் பள்ளம் நரம்பை அறுக்கும்.

பராமரிப்பு

ஒவ்வொரு முறை போய்வந்ததும் நுனியிலிருந்து இரண்டு மீட்டரை விரல்களுக்கு நடுவே ஓட்டிப் பாருங்கள். பஞ்சு போல நிற்கும் இடம், தட்டையான இடம், கனம் குறைந்த இடம் இருந்தால் அதற்கு மேலே வெட்டிவிட்டுப் புதிதாகக் கட்டுங்கள். முள் கண்மாயிலிருந்து வந்தால் பார்க்காமலேயே ஒரு மீட்டர் வெட்டிவிடலாம்.

சிக்கு விழுந்தால் வெடுக்கென்று இழுக்காதீர்கள். பிரெய்டு சிக்கில் இழுக்க இழுக்க இறுகும். கட்டைவிரலால் ஸ்பூலை நன்றாக அழுத்திக்கொண்டு கைப்பிடியை இரண்டு மூன்று சுற்றுச் சுற்றுங்கள், பிறகு பட்டனை அழுத்தி மெதுவாக உருவுங்கள். பெரும்பாலான சிக்கு இரண்டு மூன்று முறையில் அவிழும். ஊசியால் நெம்பினால் இழை அறும்.

மேலே இருக்கும் 40 மீட்டர்தான் தேயும், அடியில் இருப்பது புதிதாகவே இருக்கும். நரம்பு வெளுத்து மென்மையானதும் முழுவதையும் வேறொரு ரீலுக்கோ காலிச் சுருளுக்கோ மாற்றி, தலைகீழாகத் திரும்ப ஏற்றுங்கள். ஒரே நரம்பு இரண்டு வாழ்வு வாழும்.

கண்மாயில் இறங்கும் முன் மீன்பாசி குத்தகை யார் கையில் என்று ஊரில் கேட்டு அனுமதி வாங்குங்கள். வைகை அணை போன்ற நீர்த்தேக்கங்களுக்கு மீன்வளத் துறையிடம் கேட்க வேண்டும். மேற்பரப்பில் செம்மஞ்சள் நிறக் குஞ்சுக் கூட்டம் கொதிப்பது போலத் தெரிந்தால் அடியில் தாய் தகப்பன் விரால் காவல் நிற்கும். தவளை விழுந்தால் கட்டாயம் அடிக்கும். அங்கே வீசாதீர்கள். பெரிசைப் பிடித்துவிட்டால் அத்தனை குஞ்சும் மற்ற மீன்களுக்கும் கொக்குக்கும் போய்விடும்.

வெட்டிய துண்டுகளைக் கரையில் போடாமல் ஒரு தண்ணீர் பாட்டிலுக்குள் திணித்து வீட்டுக்குக் கொண்டுவாருங்கள். பிரெய்டு மக்காது. கொக்கு, நீர்க்காகத்தின் காலில் சுற்றினால் அவிழாது, மேயும் ஆட்டின் குளம்பிலும் இறுகும். வீட்டில் விரல் நீளத் துண்டுகளாக நறுக்கிய பிறகே குப்பையில் சேருங்கள்.